கத்திரி வெயில் முடிகிறது, செடிகளைப் பிடுங்கிவிடலாமா? (கடலூர், புதுச்சேரி வீட்டுத்தோட்டம்)

மே 27, பகல் 11.20 (கேள்வி, முத்தியால்பேட்டையிலிருந்து)

நாளையோடு கத்திரி வெயில் முடிகிறது. மாடியில் 22 பை வைத்திருக்கிறேன், கீழே சுவர் ஓரமாக ஒரு பீர்க்கங்கொடி. தக்காளி கருகிவிட்டது. கத்தரி மொட்டையாக நிற்கிறது. பீர்க்கு தினம் முப்பது நாற்பது பூ பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. கோடையில் நம் பக்கம் தோட்டம் போடுவதே வீண், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மண்ணைக் காயவிட்டு ஆடிப்பட்டத்துக்குத் தயார் பண்ணு என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். பிடுங்கிவிடலாமா அக்கா? பீர்க்குக்கு என்ன உரம் போடலாம்?

மே 27, இரவு 9.40

பிடுங்க வேண்டாம். தக்காளியை மட்டும் எடுத்துவிடுங்கள், பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலே அதன் பூவில் மகரந்தம் வலுவிழந்துவிடும், கருகினது இனி தேறாது. மற்றதெல்லாம் இருக்கட்டும்.

நான் இருப்பது கடலூர் கூத்தப்பாக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் கொல்லை, 14 வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆரம்பத்தில் நானும் கத்திரி முடிந்த வாரமே எல்லாவற்றையும் பிடுங்குவேன், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வழக்கம். ஒரு வருடம் அத்தைக்கு (மாமியாருக்கு) கால் முறிந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் கொல்லைப் பக்கம் ஒரு மாதம் போகவே இல்லை. ஜூன் கடைசியில் போய்ப் பார்த்தால் செத்துவிட்டது என்று நான் விட்டுவிட்ட கத்தரியில் குச்சி குச்சியாகப் புதுத் துளிர், ஒவ்வொரு துளிரிலும் பூ. அன்றிலிருந்து பிடுங்குவதை நிறுத்திவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடியில் விதைத்தால் கத்தரி காய்க்கப் புரட்டாசி ஆகும். மாசியில் வைத்த செடிக்கு வேர் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கிறது, அது கேட்பது கொஞ்சம் நிழலும் தண்ணீரும்தான். வைகாசி கடைசியிலிருந்து சாயங்காலத்தில் இடி மழை ஒன்றிரண்டு வந்துவிடும். அந்த ஒரு மழையில் செடி படுகிற சந்தோஷம் நாம் பத்து நாள் ஊற்றும் தண்ணீரில் வராது.

கத்தரிக்கு, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்கு மறுதாம்பு விடுகிறார்களே, அதே போலச் செய்யுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, கூரான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள், வெட்டின இடத்தில் சாணியோ மஞ்சளோ குழைத்துப் பூசுங்கள். பைக்கு இரண்டு கை மக்கிய தொழு உரம், மேலே காய்ந்த வாழைச் சருகால் மூடாக்கு. மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும், ஆனி கடைசியில் காய் பறிக்கலாம்.

பீர்க்குக்கு உரமே போடாதீர்கள். இவ்வளவு பூ பூக்கிற கொடிக்குச் சத்துக் குறைவு இருக்காது, இன்னும் போட்டால் இலைதான் மண்டும். மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குப் போய் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். நாலைந்து நாளில் பிஞ்சு நிற்கும்.

மே 28, காலை 7.05

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. கத்தரி இலை எல்லாம் சுண்டைக்காய் அளவுக்குச் சின்னதாகி, கொத்துக் கொத்தாக, பூவே இல்லாமல் புதராக இருந்தால் அது சிற்றிலை நோய். அதை வெட்டிவிட்டுப் பயனில்லை, வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், தத்துப்பூச்சி பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோய்விடும். பிடுங்காதே என்று நான் சொன்னது அதற்குப் பொருந்தாது.

ஜூன் 2, இரவு 8.15

மே 27 அன்று பீர்க்குக்கு நான் சொன்ன நேரம் தவறு. மன்னிக்கவும். அதைப் படித்துவிட்டு முத்தியால்பேட்டைத் தங்கை ஐந்து நாள் காலையில் எழுந்து தடவியிருக்கிறார், ஒன்றும் நிற்கவில்லை என்று எழுதியதும்தான் எனக்கே உறைத்தது. நான் காலையில் தடவிப் பழகியது பரங்கிக் கொடியில். பரங்கிப்பூ விடியும்போது விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பீர்க்கு சாயங்காலத்தில் விரிகிற பூ. காலையில் நீங்கள் தடவியது முந்தின நாள் மாலையே விரிந்து துவண்டுபோன பூவை.

அவரைத் தவறான வழியில் அனுப்பிவிட்டோமே என்று சங்கடமாக இருந்தது, அதனால் இன்றைக்கு ஐந்தரை மணிக்கே முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு என் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்ததை எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு மொட்டு எல்லாம் குடை மடித்தது போல முறுக்கி, நுனி மட்டும் மஞ்சள். கடல் காற்று அடங்கி, கொடி அசையாமல் இருந்தது. ஆறு மணி வாக்கில் ஒரு மொட்டின் முறுக்குத் தளர்ந்தது, கண் எடுக்காமல் பார்த்தால்கூட அசைவது தெரியவில்லை, பக்கத்து மொட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இது பாதி விரிந்திருக்கிறது. ஆறேகாலுக்குள் ஐந்து இதழும் மெல்லிசாகக் கசங்கின துணி மாதிரி விரிந்துவிட்டன. ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறைவது ஆறரைக்கு மேல், அந்த நேரத்தில் பந்தல் முழுக்க மஞ்சள். ஆண் பூ ஒரு நீளக் காம்பில் கொத்தாக வரும், கொத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு விரியும். பெண் பூ தனியாக வரும், இதழுக்குக் கீழே சுண்டுவிரல் நீளத்தில் பிஞ்சு இருக்கும், உற்றுப் பார்த்தால் அந்தப் பிஞ்சிலேயே நெடுக்காகப் பத்து வரம்பும் தெரியும். இன்று விரிந்ததில் ஆண் முப்பத்தொன்று, பெண் மூன்று.

அந்த மூன்றையும் தடவிவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நீங்களும் நாளை ஆறேகால் மணிக்குச் செய்யுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால்தான் ஆண் பூ சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 3, காலை 6.30

எந்தப் பூ எப்போது விரியும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பரங்கி, பூசணி, வெள்ளரி, பாகல் எல்லாம் காலைக்காரர்கள், பாகல் விடியலுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் மாலைக்காரர்கள். சுரைப்பூவும் புடலைப்பூவும் வெள்ளை என்பதைக் கவனியுங்கள், இருட்டில் விட்டிலுக்குத் தெரிவது வெள்ளைதான். புடலைப்பூவின் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்குவதை ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள், பகலில் அது சுருண்டு கிடக்கும். அதன் அழகு தெரியாமல் எத்தனையோ வருடம் நான் புடலை வளர்த்திருக்கிறேன்.

ஆண் பூ மட்டுமே வருகிறது என்கிற நெல்லித்தோப்புத் தம்பிக்கு: வெயிலும் நீளமான பகலும் இருந்தால் இந்தக் குடும்பத்தில் ஆண் பூதான் அதிகம் வரும், கொஞ்சம் பொறுங்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளையில் பெண் பூ சீக்கிரம் வரும், மாடித்தோட்டக்காரர்கள் 3ஜி கட்டிங் என்று சொல்வது இதைத்தான்.

ஜூன் 8, இரவு 10.10

சிவப்பு நூல் கட்டிய மூன்றில் இரண்டு நின்றுவிட்டன! ஒன்று மஞ்சளாகி விழுந்தது. நின்றது இரண்டும் ஆறு நாளில் முழம் நீளம். முத்தியால்பேட்டையிலும் நான்கு நின்றிருக்கிறது என்று எழுதியிருக்கிறார், எனக்கு இன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் வரை நான் கை வைக்காமலே பீர்க்கு காய்த்ததே, இந்த வருடம் மட்டும் ஏன் இல்லை? தேனீ குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார், இருக்கலாம், ஆனால் இது மாலைப் பூ, விட்டில் வர வேண்டிய இடம். தையில் பின்கதவுக்கு மேலே ஒரு பெரிய எல்இடி விளக்குப் போட்டோம், ஆறு மணிக்கே எரிய ஆரம்பித்துவிடும். விட்டில் எல்லாம் அதைச் சுற்றியே மொய்த்துக்கொண்டிருக்கிறது, பந்தல் பக்கம் ஒன்றையும் காணோம். ஒரு வாரம் அந்த விளக்கை எட்டு மணி வரை போடாமல் பார்க்கப் போகிறேன். வீட்டில் பூச்சி பொட்டு வரும் என்று பயப்படுகிறார்கள், கையில் டார்ச் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, இரவு 9.00

விளக்கை அணைத்து ஆறு நாள். நேற்று நான் தடவாத பெண் பூ இரண்டில் பிஞ்சு நிற்கிறது. விளக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நடுவில் ஒரு நல்ல மழையும் பெய்தது. ஆனால் விளக்கு இனி எட்டு மணிக்கு மேல்தான்.

விளக்கை அணைத்ததில் கிடைத்த இன்னொன்றை எழுத வேண்டும். மல்லி. எங்கள் வீட்டுக் குண்டு மல்லி ஆறு புதர், அம்மா வீட்டிலிருந்து பதியம் போட்டுக் கொண்டுவந்தது. கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணிவிடுவேன், பங்குனியில் ஆரம்பித்தால் ஆவணி வரை பூக்கும். தினம் காலை ஐந்தரைக்கு மொட்டாகவே பறித்துவிடுவதால் செடியில் அது விரிந்து நான் பார்த்ததே இல்லை. பறித்த மொட்டு வாழைநாரில் கட்டி வைத்தால் சாயங்காலம் ஏழு மணிக்குச் சாமி படத்தில் விரியும், வாசனை வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மல்லி. இந்த வாரம் ஒரு புதரைப் பறிக்காமல் விட்டேன். இருட்டில், பீர்க்கம்பந்தலுக்கு அடியில், விளக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது முதலில் வாசனைதான் வந்தது. அப்புறம் கண் பழகியதும் இலைக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. மணி ஏழு இருக்கும். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், இரண்டு பேரும் பேசவே இல்லை. எழுந்து போகும்போது "நாளைக்கும் ஒரு செடியை விட்டு வைம்மா" என்றார்.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் எல்லோரும் தோட்டத்தைக் காலையில் பார்க்கிறோம், தண்ணீர் ஊற்றுவதும் காலையில், பறிப்பதும் காலையில். கோடைக் கடைசியில் நம் பக்கத்துத் தோட்டம் விழித்துக்கொள்வது சாயங்காலத்தில். பீர்க்கு, சுரை, புடலை, மல்லி, அந்திமந்தாரை எல்லாம் ஒரே நேரத்தில் விரிகிறது. பகல் பதினொரு மணிக்குப் போய் வதங்கின இலையைப் பார்த்துவிட்டுப் பிடுங்கலாமா என்று முடிவு எடுக்கிறோம்! ஒரு நாள் ஆறு மணிக்குப் போய் நின்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஜூன் 15, பகல் 1.30

மல்லி மொட்டு ஊதா நிறமாகிக் காய்கிறது என்று கேட்டவருக்கு: மொட்டுப்புழு. பிட்டுப் பாருங்கள், உள்ளே சின்னதாகப் பச்சைப் புழு இருக்கும். ஊதாவான மொட்டை எல்லாம் பறித்து எரித்துவிடுங்கள், செடியிலும் தரையிலும் விடாதீர்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலத்தில் அடியுங்கள்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு, நம் கரையோரத் தண்ணீருக்கு இது அடிக்கடி வரும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள். பதினைந்து நாளில் பச்சை திரும்பும்.

ஜூன் 22, இரவு 8.50

பேச்சு பலாவுக்குப் போய்விட்டது, போகட்டும், கோடை அறுவடை என்று சொல்லிவிட்டுப் பலாவை விட்டால் பண்ருட்டிக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள்.

எங்களிடம் ஒரே ஒரு மரம். அதற்கு முன்னால் இரண்டு இருந்தன, மாமனார் வைத்தது, 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் இரண்டையும் சாய்த்துவிட்டது. அந்த நாளைக் கடலூரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் எத்தனை குடும்பங்களுக்குத் தலைமுறைச் சொத்தான பலாவும் முந்திரியும் ஒரே காலையில் போயின. மாமனார் விழுந்த மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த ஆனியில் காடாம்புலியூரிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழத்தில் நல்ல கொட்டையாக ஐந்து எடுத்து, காயவிடாமல் அன்றைக்கே ஊன்றினார். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது, அதனால்தான் அவசரம். மூன்று முளைத்தது, ஒன்றை நிறுத்தினோம். முதல் காய் வருவதற்கு எட்டு வருடம் ஆனது. 2020ல் அடிமரத்தில் கட்டைவிரல் அளவில் மூசு (பலாப்பிஞ்சு) வந்தபோது மாமனார் இல்லை.

இந்த வருடம் ஏழு காய். அதில் ஒன்று வேரோரமாக, பாதி மண்ணுக்குள் இருப்பது போலத் தொங்குகிறது. இன்று முதல் பழத்தை இறக்கினோம். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவி, நடுத்தண்டை எடுத்ததும் பால் வடிய வடிய துணியால் துடைத்து, அத்தை ஒவ்வொரு சுளையாகப் பிரித்தார். முதல் சுளையை மாமனார் படத்துக்கு முன்னால் வைத்தோம். பக்கத்து மூன்று வீட்டுக்கும் தட்டு போயிற்று, கொட்டை எல்லாம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஆடிக்கு வேண்டும்.

ஜூன் 24, காலை 9.15

பண்ருட்டி ஐயா ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். பழத்தைத் தட்டிப் பார்த்து இறக்கினேன் என்று நான் இன்னொருவருக்குப் பதிலில் சொல்லியிருந்தேன். தட்டுவது மட்டும் போதாது என்கிறார். முள் அகன்று மழுங்கியிருக்க வேண்டும், காய்க் காம்பில் இருக்கும் கடைசி இலை பழுத்திருக்க வேண்டும், அப்புறம் தட்டினால் டொக் என்று இல்லாமல் தொப் என்று சத்தம் வர வேண்டும். போய்ப் பார்த்தேன், இரண்டாவது காயில் இலை இன்னும் பச்சை. அதை நாளைக்கு இறக்குவதாக இருந்தோம், இன்னும் பத்து நாள் விட்டுவிட்டேன். நன்றி ஐயா.

புதுக்கன்று வாங்க விரும்புகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், பாலூர் 1 பலா அங்கிருந்து வந்ததுதான். பாலூர் கத்தரியும் அங்கே வெளியிட்டதுதான், நான் மறுதாம்பு விட்டிருப்பது அந்த ரகம்.

ஜூலை 1, இரவு 7.50

பீர்க்கிலும் பாகலிலும் பிஞ்சு நின்று, ஒரு விரல் நீளம் வந்ததும் கோணிக்கொண்டு, ஒரு இடத்தில் பிசின் வடிந்து, அழுகி விழுகிறது. மூன்று பேருக்கு இதே புகார், எனக்கும் இந்த வாரம் நாலு போய்விட்டது. பழ ஈ. பிஞ்சில் குத்தி முட்டை வைத்துவிடுகிறது, உள்ளே புழு.

நமக்கு இதற்கு நல்ல மருந்து கையிலேயே இருக்கிறது, கருவாடு. ஒரு பிளாஸ்டிக் பையிலோ தண்ணீர் பாட்டிலிலோ சின்னச் சின்னதாக ஐந்தாறு ஓட்டை போட்டு, உள்ளே ஒரு துண்டுக் கருவாட்டை நனைத்துப் போட்டு, அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பந்தலில் தொங்கவிடுங்கள். வாசனைக்கு ஈ உள்ளே போகும், வெளியே வராது. இருபது நாளுக்கு ஒரு தடவை கருவாட்டை மாற்ற வேண்டும். முதுநகரில் உடைந்த கருவாடு மலிவாகக் கொடுப்பார்கள், அதுவே போதும். பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். எங்கள் தெருப் பூனை முதல் நாளே பந்தல் கம்பத்தில் ஏறி முழுப் பொறியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது, அதன் திறமையைப் பாராட்ட வேண்டும்.

விழுந்த பிஞ்சைக் கொடிக்கு அடியிலேயே விடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி அடுத்த ஈயாக வந்துவிடும். ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் இரண்டு நாள் வையுங்கள், அப்புறம் ஆழமாகப் புதையுங்கள். நிற்கிற பிஞ்சுக்குப் பழைய வேட்டித் துணியில் உறை தைத்து மாட்டிவிடலாம், நான் பத்து தைத்திருக்கிறேன், மாட்டினதில் இதுவரை ஒன்றுகூடப் போகவில்லை.

ஜூலை 9, இரவு 9.30

இன்று பறித்தது. பீர்க்கு ஐந்து. மறுதாம்புக் கத்தரி ஒரு கூடை, எடை போட்டால் 1 கிலோ 800. வெட்டி ஆறு வாரம் ஆகிறது, நான் சொன்ன ஆனி கடைசி சரியாக வந்துவிட்டது. கொத்தவரை இரண்டு கைப்பிடி. வெண்டை பதினொன்று, அதில் மூன்று முற்றிவிட்டது. முருங்கைக்காய் கணக்கில்லை. மல்லி ஒரு ஆழாக்கு, குறைய ஆரம்பித்துவிட்டது. கனகாம்பரம் ஒரு கை. சங்குப்பூ வேலி முழுக்க நீலம்.

கத்தரிக்காயைப் பறித்ததும் காம்புப் பக்கம் தோலில் ஒரு வெள்ளை வளையம் தெரியும், புல்லி மூடியிருந்த இடம். அந்த வளையம் அகலமாக இருந்தால் காய் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, பிஞ்சு. மெலிந்து போயிருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது, விதை முற்றப் போகிறது. கடையில் வாங்கும்போதும் புல்லியை லேசாகத் தூக்கிப் பாருங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர், தண்ணீர் உப்பு, பை ஓரத்தில் வெள்ளை படிகிறது, என்ன செய்யலாம் என்கிறார். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. செய்து பலன் கண்டது மட்டும் சொல்கிறேன். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல், இரண்டு நாளுக்கு ஒரு தடவை அடியில் வழிகிற அளவுக்கு ஊற்றுங்கள், உப்பு கீழே இறங்கிப் போகும். மழை பெய்தால் மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து அதை நாற்றுக்கு மட்டும் ஊற்றுங்கள். முருங்கையும் கொத்தவரையும் உப்பைத் தாங்கும், பீன்ஸ் தாங்காது, அதில் பணத்தைப் போடாதீர்கள். சொந்த மண் வேண்டுமென்றால் ஆற்றோரத்து உறவினரைக் கேளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி வந்ததே, அது வீடுகளுக்குள் செய்த அநியாயம் கொஞ்சமில்லை, ஆனால் அது விட்டுப்போன வண்டலில் என் தங்கை வீட்டுப் பரங்கி இந்த வருடம் வந்த மாதிரி என்றும் வந்ததில்லை.

ஜூலை 13, பகல் 12.40

கோடையில் தோட்டம் வீண், பூக்கள் பார்க்க வேண்டுமென்றால் தை மாசியில்தான், புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி அப்போதுதானே நடக்கிறது என்று ஒருவர் வாதம் செய்கிறார். கண்காட்சிக்கு நானும் போவேன், டேலியா அழகுதான். ஆனால் நம் மண்ணின் பூக்கள் குளிருக்குக் காத்திருப்பதில்லை. எங்கள் கடலூரின் பழைய பெயரையே பாருங்கள், திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோவிலின் தல மரம் பாதிரி. பாதிரி வெயில் காலத்தில் பூக்கிற மரம், அதைப் பாலை நிலத்துப் பூவாகத்தான் பழந்தமிழில் பாடினார்கள். சித்திரை வெயிலில் பூக்கிற ஒரு மரத்தின் பெயரில் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கோடையில் தோட்டம் வீண் என்று சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஜூலை 14, காலை 6.10

நேற்றுக் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது: மொட்டை மாடியில் நிழல்வலை இல்லாமல், வாரம் இரண்டு நாள் தண்ணீர் வருகிற வீட்டில், கோடையில் 22 பை வைத்துக்கொண்டு தவிப்பதைவிட ஐந்து பை போதும். கடல் காற்று பகல் 12 மணிக்குள் வந்துவிட்டால் செடி தாங்கும், அது மூன்று மணி வரை வராத நாளில் மாடித் தரையில் கால் வைக்க முடியாது, செடி என்ன செய்யும். ஐந்து பையையும் நிழல் விழுகிற கிழக்குச் சுவர் ஓரமாக வைத்துப் பாருங்கள்.

ஜூலை 25, இரவு 9.20

ஆடி வெள்ளி. இன்று தெருவில் கூழ் ஊற்றினார்கள். எங்கள் வீட்டிலிருந்து போனது குழம்பு. மணலில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டையை எடுத்து, கழுவி, நசுக்கித் தோலை உரித்து, மறுதாம்புக் கத்தரி, நம் முருங்கை, காற்றில் விழுந்த கடைசி மாங்காய் நாலு துண்டு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கொதித்து அடங்கிய பிறகு, சுடுதண்ணீரில் அலசிய வாளைக் கருவாடு கடைசியில். கருவாட்டை முதலில் போட்டால் கரைந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்கும்போது ஒரு கரண்டி எடுத்துக் கேழ்வரகுக் கூழோடு அத்தைக்குக் கொடுத்தேன். புளியும் கருவாடும் தவிர மற்றக் காய் எல்லாம் கொல்லையில் வந்தது என்றதும் தெருவில் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். வந்தது பகல் பன்னிரண்டுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன், வந்தார்கள்!

முத்தியால்பேட்டைத் தங்கை பீர்க்கங்காய்த் தோல் துவையல் படம் போட்டிருக்கிறார். அது எந்த ஹோட்டலிலும் கிடைக்காது.

ஆகஸ்ட் 4, இரவு 8.30

நேற்றுப் பதினெட்டாம் பெருக்கு. ஆடிப்பட்டத்துக்கு அவரையும் பரங்கியும் ஊன்றியாகிவிட்டது, பழைய செடிகளுக்கு நடுவிலேயே. இடம் போதவில்லை என்பது உண்மைதான், கொத்தவரையை மட்டும் எடுத்தேன். கத்தரி இன்னும் ஒரு மாதம் ஓடும். பீர்க்குக் கொடி அடி இலை எல்லாம் காய்ந்து, மேலே மட்டும் பச்சையாக இருக்கிறது, பூ ஐந்தாறாகக் குறைந்துவிட்டது. ஆடிக்காற்றில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்ததைக் கம்பு கொடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

விதை கேட்டு ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். ஜூன் 2 அன்று சிவப்பு நூல் கட்டியதில் ஒன்றையும், விட்டில் சேர்த்துவைத்ததில் இரண்டையும் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விட்டிருக்கிறேன். நூல் கட்டியது பழுப்பாகிவிட்டது, ஆட்டினால் இன்னும் சத்தம் வரவில்லை, உள்ளே ஈரம் இருக்கிறது. கிலுகிலு என்று கேட்டதும் பிரித்து ஆளுக்கு எட்டு விதை தபாலில் அனுப்புகிறேன். நார்க் கூட்டை நான் வைத்துக்கொள்வேன், அத்தைக்கு முதுகு தேய்க்க.